ஏன் சரியாச்சு என்று கேட்டவள்

காலை ரயில் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பி கொளவாய் ஏரியின் ஓரமாகப் போகும். அன்றைக்கு ஏரியின் மேல் பனி கிடந்தால் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடும். ஏரி இருக்கும், தண்ணீர் தெரியாது. மலையில் பாதி மட்டும் ஆகாயத்தில் மிதக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்திவிட்டு, எதிரே இருப்பவரைத் தாண்டி எங்கேயோ பார்ப்பாளே, அந்த நேரத்தில் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், கம்ப்யூட்டர் பிரிவில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தோம். எனக்கு அச்சரப்பாக்கம். அவளுக்குப் புதுப்பட்டினம். ஏறக்குறைய ஒரே வயது என்பதால் முதல் வாரத்திலேயே வாடி போடி ஆகிவிட்டது.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் பஸ்ஸில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கு இருவரும் கல்பாக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், டயரை ஒரு உதை விட்டார், மறுபடி ஏறிச் சாவியைத் திருப்பினார். கிளம்பவில்லை. நாங்கள் எல்லாரும் வெயிலில் புழுங்கிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் சும்மா ஒரு முறை திருப்ப, எஞ்சின் உறுமியது. வண்டியே கைதட்டாத குறை.

அவள் மட்டும் எழுந்து முன்னால் போனாள்.

"ஏண்ணா நின்னுச்சு?"

"அதான் கெளம்பிடுச்சேம்மா. போய் உக்காரு."

"கெளம்புச்சு சரி. ஏன் கெளம்புச்சு?"

டிரைவர் கண்ணாடியில் அவளை நன்றாகப் பார்த்தார். கண்டக்டர் பின்னாலிருந்து, "இந்தாம்மா, பேஜாரு பண்ணாத. ஊரு போய்ச் சேர வாணாமா?" என்றார். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போகிறவள் நான், என்ன செய்வேன், நானும் இறங்கினேன். புளியமரத்தின் கீழே ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம்.

"அது நல்லபடியாப் போய்ச் சேர்ந்திருக்கும்டி," என்றேன் கோபமாக.

"சேர்ந்திருக்கும். இல்லன்னு யாரு சொன்னா?" என்றாள். "ஆனா ஏன்னு தெரியாமப் போயிருக்கும்."

அந்த பஸ் உண்மையிலேயே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கல்பாக்கத்தில் அது நின்றுகொண்டிருப்பதை நானே அவளுக்குக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். தோற்றுப்போன முகமாக அது இல்லை.

அவளுடைய இந்தக் குணத்தை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரு நோய் மாதிரி சகித்துக்கொண்டார்கள். ஏதாவது கெட்டுப்போனால் அவள் பதற மாட்டாள். சரியானால்தான் அவளுக்குக் கவலை. நின்றுபோன லிப்ட் தானாக ஓடினால், லிப்ட் மெக்கானிக் வந்து காரணம் சொல்லும்வரை மாடிப்படிதான். ஜுரம் விட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், "ஏன் விட்டுச்சாம்?" என்பாள். குத்தலாகக் கேட்க மாட்டாள். குழந்தை கேட்கிற மாதிரி, மெதுவாக, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு கேட்பாள். அதனால் அவளைத் திட்டவும் முடியாது.

என்னையும் ஒரு முறை கேட்டாள். எனக்கு நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நின்றுபோன சமயம். ஒரு வாரம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு வேலைக்கு வந்தேன். நன்றாகத் தலை சீவி, புதுப் புடவை கட்டி, எல்லாரிடமும் சிரித்துப் பேசினேன். "பரவாயில்லையே, தேறிட்டாங்க," என்று எல்லாருக்கும் நிம்மதி. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவள் கேட்டாள்.

"ஏன்டி சரியாயிட்டே?"

கேண்டீனில் அத்தனை பேர் மத்தியில் உடைந்து அழுதேன். அவள் என் டப்பாவை மூடிவைத்துவிட்டு, சாயங்காலம் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் பங்கு வேலையையும் அவளே பார்த்தாள். அவள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த அழுகை எங்கே போய் எப்படி வெடித்திருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடங்கள். பெரியது செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி. சின்னது மாமல்லபுரத்தில், கடற்கரைப் பக்கம். ரத்தப் பரிசோதனை முடிவுகள், ரத்த வங்கி இருப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு சர்வரில் இருந்தன. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்று. உண்மையில் இரண்டு மிஷின்கள், கட்டடத்துக்கு ஒன்று. இரண்டையும் கூட்டாக இணைத்திருந்தோம். கிளஸ்டர் என்று பெயர். செங்கல்பட்டு மிஷின் படுத்துவிட்டால் மாமல்லபுரம் மிஷின் எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும்.

வார்டில் இருக்கும் நர்சுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அவருடைய கம்ப்யூட்டருக்கு அந்த சர்வரின் பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயர் இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்வது டிஎன்எஸ்ஸின் வேலை. பெயரைக் கொடுத்தால் முகவரியைக் கொடுக்கும், அவ்வளவுதான். வேலை கடற்கரைக்கு மாறினால், கிளஸ்டர் தன்னுடைய புது முகவரியை டிஎன்எஸ்ஸில் தானே பதிந்துகொள்ள வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

ஆனால் எப்போதாவது ஒரு சிக்கல் வரும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் லைன் ஒரு கணம் அறுந்து வேலை கடற்கரைக்குப் போனால், வார்டுகளில் திரை அப்படியே உறைந்துவிடும். எங்கள் அறையில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். எங்கள் மேலாளர் படாளத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தார். ஓடிப்போய் எதையாவது அணைத்துத் திரும்பப் போடுவார். சிறிது நேரத்தில் எல்லாம் ஓட ஆரம்பிக்கும்.

"ஆ, சரியாயிடுச்சு. டீ சொல்லும்மா."

"ஏன் சார் சரியாச்சு?"

"இன்னாம்மா, இப்பதான ரீஸ்டார்ட் பண்ணேன்? நீயும் பாத்துக்கினுதான இருந்தே?"

"நீங்க ரீஸ்டார்ட் பண்ணது பிரிண்டர் சர்வர் சார்."

மேலாளர் பிரிண்டர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, டீ சொல்லு," என்றார்.

அவள் விடவில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கிளஸ்டரின் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிறாளா, வெளியே வேப்பமரத்தைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியாது. மேலாளர் அந்தப் பக்கம் போகும்போது என்னிடம், "ஆளு இங்கதான் கீறாளா?" என்று சைகையில் கேட்பார். ஒரு நாள் அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அது சரியாவவே இல்லடி."

"எது?"

"எப்பவுமே சரியாவல. வேலை கடற்கரைக்குப் போவுது. பேரு போவல. பேரு இங்கயே கீது. கொஞ்ச நேரத்துல லைன் வந்து வேலை திரும்ப இங்க வருது. அப்ப பழைய அட்ரஸ் மறுபடி சரியான அட்ரஸ் ஆயிடுது. நம்ம சரியாச்சுன்னு டீ குடிக்கிறோம்."

ஒவ்வொரு முறையும் கிளஸ்டர் தன் புது முகவரியை எழுதப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் டிஎன்எஸ் அனுமதி மறுத்திருக்கிறது. அந்த மறுப்பு பதிவுகளில் ஒற்றை வரியாக, பல மாதங்களாக, யாரும் படிக்காமல் விழுந்துகொண்டே இருந்தது. காரணம் அதற்கப்புறம் கிடைத்தது. எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஒருவர், கிளஸ்டர் பதிந்துகொள்ளும் முன்பே அந்தப் பெயரைக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எழுதியவர் பெயரில்தான் அதன் உரிமை. கிளஸ்டருக்குத் தன் சொந்தப் பெயரைத் தொடவே அனுமதி இல்லை.

அவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். நம்பரைத் தேடிப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்.

"ஆமாங்க, அப்ப பேரு வரல. கையால போட்டேன், வந்துடுச்சு," என்றார் அவர்.

"ஏன் வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"அதான் வந்துடுச்சேம்மா."

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மேலாளர் சிரிக்கவில்லை. "ஓடிக்கினு கீறதைத் தொடாத," என்று சொல்லிவிட்டார். "அந்தப் பேரை அழிச்சு, திரும்ப வரலன்னா? பேஷண்டு உசுருக்கு யாரு பதில் சொல்றது?" அவர் பயமும் நியாயமானதுதான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் திரும்பத் திரும்ப மறுத்தார்.

அந்த நாட்களில்தான் அவள் வீட்டுக்காரர் காணாமல் போனார். கல்பாக்கத்துக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். நான் போனால் மீன் வாங்கி வருவார், அவரே கழுவிக் கொடுப்பார், சாப்பிடும்போது ஓரமாக நின்று பார்ப்பார். ஒரு நாள் வேனை முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. 'நல்லாதான் கீறேன். தேடாத.' அதற்கப்புறம் போன் போகவில்லை. கோவாவில் படகு வேலையில் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்.

அவள் லீவு போடவில்லை. வழக்கம்போல வந்தாள். எல்லாரும் அவளைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஏன் போனார்? ஏதாவது சண்டையா? வேறு ஏதாவதா? உலகத்தையே ஏன் ஏன் என்று கேட்டவளிடம் எல்லாரும் ஏன் என்று கேட்டார்கள். "தெரியல," என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து அவ்வளவு முறை நான் கேட்டதே இல்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம், வானம் கறுத்து, விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தோம். சர்வர் அறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. செங்கல்பட்டு மிஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் யூ.பி.எஸ். கருகி, மிஷினையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. வேலை கடற்கரைக்குப் போனது. பெயர் போகவில்லை. இந்த முறை வேலை திரும்பி வரவும் வழி இல்லை.

எல்லாப் போனும் அடித்தன. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எந்த வகை ரத்தம், எத்தனை பை இருக்கிறது, பரிசோதனை பொருந்தியதா, எதுவும் திரையில் வரவில்லை. தலைமை நர்ஸ் போனில் கத்தினார். நான் லேபுக்கு ஓடினேன். அவர்கள் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்கு ஓடினேன். நனைந்த தரையில் ஒரு முறை விழுந்து எழுந்தேன். வார்டு வாசலில் ஒரு வயதான ஆள், அந்தப் பெண்ணின் அப்பாவாக இருக்கும், என் கையில் இருந்த தாளையே கும்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏறத் தொடங்கியது. ஆனால் அடுத்த பைக்கு? ஐ.சி.யு.வுக்கு? ஓடி ஓடி எத்தனை பேருக்குக் கொண்டுபோக முடியும்?

மூச்சு வாங்க நான் அறைக்குத் திரும்பியபோது மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அணைத்துப் போட அவருக்கு இனி எதுவும் மிச்சமில்லை.

"அந்தப் பேரை அழிக்கணும் சார்," என்றாள் அவள். குரல் ஏறவில்லை.

"அழிச்சா மொத்தமாப் போயிடும்!"

"ஒண்ணும் போவாது. கடற்கரைல எல்லாம் முழுசா ஓடிக்கினுதான் கீது. இங்க எல்லாரும் பழைய வூட்டுக் கதவையே தட்டிக்கினு கீறாங்க, அவ்ளோதான்."

"வரலன்னா?"

"வரலன்னா ஏன் வரலன்னு எனக்குத் தெரியும் சார். இப்ப வந்தாலும் ஏன் வந்துச்சுன்னு தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். என் புடவை முழுக்கச் சேறு. "பண்ணு," என்றார்.

அவள் அழித்தாள். பிறகு கடற்கரை மிஷினிடம், உன் பெயரை நீயே பதிந்துகொள் என்று கட்டளை கொடுத்தாள். அந்தச் சில நொடிகள் எனக்கு இன்றும் கனவில் வரும். அந்தப் பெயர் அப்போது உலகத்தில் எங்குமே இல்லை. மழை கண்ணாடியில் வழிந்தது. போன்கள் அடித்துக்கொண்டே இருந்தாலும் ஏதோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அதே பெயர் வந்தது. பக்கத்தில் மாமல்லபுரத்தின் முகவரி. எழுதியவர் இடத்தில் கிளஸ்டரின் பெயர்.

வார்டு கம்ப்யூட்டர்கள் பழைய முகவரியை மறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு போனாக ஓய்ந்தது. கடைசியாகத் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். "வந்துடுச்சும்மா. எல்லாம் தெரியுது." அந்தப் பெண் பிழைத்தாள். பெண் குழந்தை. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

செங்கல்பட்டு மிஷினைப் பழுதுபார்த்தபின், அவளே கேட்டு, ஒரு சாயங்காலம் சோதனை வைத்தாள். வார்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேண்டுமென்றே வேலையை அங்கும் இங்கும் மாற்றினாள். நானும் அவளும் மாமல்லபுரம் கட்டடத்தில் இருந்து பார்த்தோம். பெயர் ஒவ்வொரு முறையும் கூடவே போனது, கூடவே வந்தது. முடிந்ததும் கடற்கரைக்கு நடந்தோம். சவுக்குத் தோப்பு இரைந்துகொண்டிருந்தது. வெயில் இறங்கி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது.

"அவரு வந்துட்டாருடி," என்றாள் திடீரென்று.

"யாரு?"

"வூட்டுக்காரரு. போன ஞாயித்துக்கெழம, நான் சர்ச்சுலேர்ந்து வரேன், வாசப்படில உக்காந்துகினு கீறாரு. கைல மீனு."

"ஏன் போனாராம்?" என்று கேட்டேன்.

"கேக்கல."

"ஏன் வந்தாராம்?"

"அதுவும் கேக்கல."

நான் நின்றுவிட்டேன். அவள் அலையின் விளிம்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "கேட்டா திரும்பப் போயிடுவாரு," என்றாள். அவளிடம் பயம் என்று ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான். கலங்கரை விளக்கம் சுற்ற ஆரம்பிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.

சில மாதங்களில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், சாப்பாட்டு நேரத்தில் என்னை கேண்டீன் மூலைக்கு இழுத்துப்போனாள்.

"கேட்டுட்டேன்," என்றாள்.

அவர் பின்பக்கம் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாராம். இவள் துணி காயப்போட வந்தவள், ஈரப் புடவையைத் தோளில் போட்டபடியே கேட்டிருக்கிறாள். ஏன் போனீங்க?

அவர் கத்தியை நிறுத்தவில்லையாம். "உன் கேள்விக்குத்தான் போனேன். கொழம்பு நல்லாக்கீதுன்னா ஏன் நல்லாக்கீதுன்னு கேப்பே. சிரிச்சா ஏன் சிரிச்சேன்னு கேப்பே. சும்மா உக்காந்தா ஏன் சும்மா உக்காந்தேன்னு கேப்பே. எனக்கு இன்னா தெரியும்? தெர்ல தெர்லன்னு சொல்லியே நான் ஒண்ணும் தெரியாத ஆளு மாதிரி ஆயிட்டேன்."

இவள் விடவில்லையாம். "அப்ப ஏன் வந்தீங்க?"

அவர் செதிலைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சொன்னாராம். "அங்க ஒருத்தனும் என்னை ஒண்ணுமே கேக்கல."

சொல்லிவிட்டு மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"நீ இன்னாடி பண்ணே?" என்றேன்.

"இன்னா பண்றது? அந்தப் பொடவைய கொடில போட்டேன். எங்க போட்டேன்னே தெரியல, கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் உள்ள போனேன். அவரே மசாலா கூட்டி வெச்சிட்டாரு. ஏதாவது கேக்கணும்போல இருந்துச்சு. உப்பு போட்டீங்களான்னு கேட்டேன். போட்டேன்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

"போட்டிருந்தாரா?"

"இல்லடி," என்றாள். "அப்பிடியே சாப்ட்டோம்."